உப்புத் தொடாத விருந்தாளி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. என் குரல் இப்போதெல்லாம் வாசலைத் தாண்டுவதில்லை. யாராவது பசியோடு இருந்தால் எழுந்துபோய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். விருந்துக்குப் போன வீட்டில், ஆக்கிவைத்த சோறு முன்னால் இருக்க, பட்டினி கிடந்த ஒருத்தியைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். வெறும் வயிற்றோடு கேட்கிற கதை இல்லை அது.

ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு இல்லாத காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. நீங்கள் நம்பமாட்டீர்கள். அப்போது போயாவுக்குத்தான் லீவு. பௌர்ணமி, அமாவாசை, அவற்றுக்கு நடுவே வரும் அரைநிலா நாட்கள், இவைதான் போயா. முதல்நாள் அரைநேர வேலை, மறுநாள் முழு லீவு. சிங்களச் சனங்கள் வெள்ளை உடுத்திப் புத்தர் கோயிலுக்கு, அவர்கள் சொல்கிற பன்சலைக்குப் போவார்கள். நம் ஆட்கள் துணி துவைப்பார்கள், தலை முழுகுவார்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் பஸ் ஏறுவார்கள்.

அந்த நாளில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மூக்காயி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் வீரையா அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரே மகன் ராஜலிங்கத்துக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. மூக்காயிக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன், பொன்னையா. அவர் மீசை முளைக்கிற வயதிலேயே தோட்டத்தை விட்டுக் கண்டிக்குப் போய், நகரசபையில் தெருக் கூட்டுகிற வேலையில் சேர்ந்தார். அங்கே மஹய்யாவப் பகுதியில் தலைமுறையாக அந்த வேலை பார்த்துவந்த குடும்பம் ஒன்றில் பெண் எடுத்தார். பெண்ணின் பெயர் பரிமளம். அதோடு தோட்டத்துக்கும் அவருக்கும் போக்குவரத்து நின்றுபோனது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்ற அளவுக்குத்தான் மூக்காயிக்குத் தெரியும். அப்பா செத்தபோது பொன்னையா வந்தார், பாடைக்குத் தோள் கொடுத்தார், தோட்டத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

பிறகு தெல்தெனியவில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம் வந்தது. அங்கேதான் மூக்காயி அண்ணன் மகளை முதல்முதலாகப் பார்த்தாள். பெயர் ராஜகுமாரி. தெருக் கூட்டுகிறவர் வைத்த பெயரைப் பாருங்கள். பெயருக்கேற்ற நிமிர்வும், அதைவிடக் கூர்மையான கண்ணும் அந்தப் பெண்ணுக்கு இருந்தன. பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ராஜலிங்கம், மற்றவர்கள் விக்கிக்கொண்டிருக்க, அவளுடைய டம்ளரையே நிரப்பிக்கொண்டிருந்தான். மூக்காயி அதைப் பார்த்துவிட்டாள். ஒருத்தர் இந்தியாவுக்கு, ஒருத்தர் இங்கே என்று உறவெல்லாம் பிரிந்துகொண்டிருந்த நேரம் அது. இந்தப் பெண் மருமகளாக வந்தால் அண்ணனும் திரும்பக் கிடைப்பார் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. அடுத்த போயாவுக்குக் கண்டிக்குப் போய்ப் பெண் கேட்பது என்று புருஷனும் பெண்சாதியும் முடிவு செய்தார்கள். அண்ணனுக்கு 'பார்க்க வருகிறோம்' என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. பெண் கேட்கப் போன வீட்டில், கேட்டு, அவர்கள் சம்மதம் சொல்கிறவரை கை நனைக்கக் கூடாது. உப்புப் போட்ட எதையும் வாயில் வைக்கக் கூடாது. தேத்தண்ணி குடிக்கலாம், பழம் தின்னலாம், வெற்றிலை போடலாம். உப்பைத் தின்றுவிட்டால் சம்பந்தம் முடிவானது போல. தின்ற பிறகு 'பெண் இல்லை' என்று வந்தால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது, முக்கியமாக மாப்பிள்ளைக்கு ஆகாது. மூக்காயி இதில் மகா கண்டிப்பு. வாசலைத் தாண்டும்போதே அந்த எண்ணம் மனதில் இருந்தால் போதும், விதி தொடங்கிவிட்டது என்பாள்.

போயாவுக்கு முதல்நாள், அரைநேர வேலை முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். கண்டிக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. பக்கத்தில் இருந்த ஊர்தான், ஆனால் அவளுடைய உலகம் மலையோடு முடிந்திருந்தது. பஸ் தலாத்துஓயா தாண்டி இறங்க இறங்கக் காது அடைத்தது. ஒரு திருப்பத்தில் கீழே குளமும் அதைச் சுற்றிய வெள்ளைச் சுவரும் தெரிந்தன.

"யாரு இம்புட்டுத் தண்ணியத் தேக்கி வச்சது?" என்று கேட்டாள்.

"ராசா," என்றார் வீரையா.

"நல்ல மனுசன்," என்றாள் மூக்காயி. தோட்டத்துப் பீலியில் குடத்தோடு தண்ணீருக்கு வரிசையில் நின்று பழகியவள் வேறென்ன சொல்வாள்.

மஹய்யாவயில் பொன்னையா வீடு இரண்டு அறை. இவர்கள் வருவதற்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அடுத்த வீட்டு ரபீகாவிடம் வாங்கிவந்த, உட்கார இரண்டு கதிரைகள் நடுவில் கிடந்தன. பரிமளம் வாசலுக்கே ஓடி வந்தாள்.

"வாங்க மூக்காயி, வாங்கண்ணே. அவரு கட்டுகஸ்தோட்டப் பக்கம் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. ஏ ராஜகுமாரி, மாமாவுக்குக் கால் கழுவச் சுடுதண்ணி கொண்டா."

"சுடுதண்ணியில காலையா?" என்றார் வீரையா. "எங்க தோட்டத்துல தொரைதான் அப்படிக் கழுவுவாரு."

"இன்னிக்கு நீங்கதாண்ணே தொரை."

புதிதாகப் பிரித்த வாசச் சவுக்காரம், வெளுத்த துவாய், இரண்டு வாளி நிறையத் தண்ணீர். பொதுப் பைப்பில் பிடித்து அந்த மேட்டில் தூக்கி வந்த தண்ணீர் அது. கழுவி முடித்ததும் ராஜகுமாரி இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ கொண்டுவந்தாள். அத்தையின் உள்ளங்கையில் சீனி கொட்டினாள், கை நிறைய.

"போதும் கண்ணு, போதும்," என்றாள் மூக்காயி. சீனியை நக்கி நக்கித் தேத்தண்ணியைக் குடித்தாள். வாழைத் தாரில் இருந்து பிய்த்து வைத்த பழத்தையும் தின்றாள். தட்டில் வந்த உளுந்துவடையை மட்டும் மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

தாயும் மகளும் அடுப்படிக்குப் போன நேரத்தில், வீரையா அலுமாரிக் கதவில் தொங்கிய நாட்காட்டியை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார்.

"ஏய், இங்க பாரு. இன்னிக்குப் பொழுது சாயவே அஷ்டமி பொறக்குது."

"வெளையாடாதீங்க."

"காலண்டர்ல யாரு வெளையாடுவா? நாளைக்குப் பூரா அஷ்டமி."

"அதுக்கு மறுநாளு?"

"நவமி."

மூக்காயி வாயில் கை வைத்தாள். அஷ்டமி நவமியில் நல்ல காரியத்துக்கு வாய் திறக்க முடியுமா? அரைநிலாப் போயா என்றாலே அஷ்டமியை ஒட்டித்தான் வரும், அது நிலாவின் கணக்கு. ஆனால் லீவு கிடைத்த சந்தோஷத்தில் தோட்டத்துச் சனம் திதியை எங்கே பார்த்தது.

"அண்ணன் வெளிச்சத்தோட வந்துட்டா கேட்டுருவோம்," என்றாள்.

"வரலேன்னா?"

"அடுத்த போயாவுக்கு மறுபடி வருவோம். அதுவரைக்கும் நீங்க உப்பைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்குமா?" வீரையா அடுப்படிப் பக்கம் மூக்கைத் திருப்பினார். வெங்காயம் வதங்குகிற வாசனை வந்துகொண்டிருந்தது.

"செத்தா போயிருவீங்க," என்றாள் மூக்காயி.

பொன்னையா விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். கையில் ஒரு சேவல் இருந்தது. நல்ல சேவலாகத் தேடி கட்டுகஸ்தோட்ட வரை போனதில் பொழுது போய்விட்டது. போயாவன்று இறைச்சிக் கடை திறக்காது என்று முதல்நாளே விருந்தை முடிக்கப் பார்த்தார். தங்கையைப் பார்த்ததும் சேவலைப் பிடித்தபடியே வாசலில் நின்றுவிட்டார்.

"இளைச்சுப் போயிட்டியே புள்ள," என்றார்.

"நீங்க மட்டும் என்னவாம்," என்றாள் அவள். அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. சேவல்தான் பேசியது.

சம்பா அரிசிச் சோறு, மிளகு அரைத்துவிட்ட சேவல் குழம்பு, பருப்பு, மாசிக் கருவாட்டுச் சம்பல். பரிமளம் இலையைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க," என்றாள்.

"எனக்கு விரதம் மதினி," என்றாள் மூக்காயி.

அதே நேரத்தில், "வயிறு சரியில்லம்மா," என்றார் வீரையா.

பொன்னையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "விரதமா, வயிறா? ஒண்ணைச் சொல்லுங்க."

"அவருக்கு வயிறு. எனக்கு விரதம்."

"அப்ப நேரம் சரியில்லாதது சேவலுக்குத்தான்," என்று பொன்னையா சிரித்தார். "உசுரோட இருந்திருக்க வேண்டியது."

எல்லாரும் சிரித்தார்கள். பரிமளமும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் பிந்தி. விருந்தாளிகளுக்குப் பால் தேத்தண்ணியும் பழமும் கொடுத்தாள். குழம்புச் சட்டியை மூடி, மூடிமேல் ஒரு கல்லை வைத்தாள். அந்த வீட்டில் அன்றிரவு மற்றவர்களும் பேருக்குத்தான் சாப்பிட்டார்கள். இருந்த ஒரே கட்டிலில் புது விரிப்புப் போட்டு விருந்தாளிகளைப் படுக்கவைத்துவிட்டு, வீட்டுக்காரர்கள் அடுப்படியில் பாய் விரித்துக்கொண்டார்கள்.

போயாவென்று தெரு அழுக்காகாமல் இருக்குமா? பொன்னையா விடியுமுன் எழுந்துபோய் வேலையை முடித்துவிட்டு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தங்கையையும் மச்சானையும் ஊர் பார்க்க அழைத்துப் போனார். கண்டியின் திருகோணமலை வீதி முனையில் நின்றார்.

"இது என் தெரு," என்றார்.

"யாரு எழுதிக் குடுத்தா?" என்றார் வீரையா.

"நகரசபைதான். இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஒரு வெத்தலைத் துப்பல் இருந்தா என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

தெரு கழுவிவிட்டது போலக் கிடந்தது. மூக்காயியின் வாயில் அப்போது வெற்றிலைச் சாறு நிறைந்திருந்தது. அவள் அதை விழுங்கிவிட்டாள்.

கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள். பெண்ணையும் பையனையும் மனதில் சேர்த்து நிறுத்தி மூக்காயி கும்பிட்டாள். மனதில் கேட்பதற்கு அஷ்டமி இல்லையே. பிறகு குளத்தைச் சுற்றி நடந்தார்கள். வெள்ளை உடுத்த சனங்கள் பூத்தட்டோடு புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பொன்னையா பொரி வாங்கித் தங்கை கையில் கொடுத்தார். அவள் ஒரு பிடி எறிந்ததும் தண்ணீர் முழுக்க மீன் வாயாகிவிட்டது. "நல்லாச் சாப்பிடுது பாருண்ணே," என்று அவள் குழந்தை மாதிரி சொன்னாள்.

"ஆமா. மீனுக்கு விரதம் இல்ல," என்றார் பொன்னையா. இன்னும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

கெட்டது எங்கே என்றால், கடையில். திரும்பும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. பருப்புவடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. வீரையாவின் கால் தானாக நின்றது. "மச்சான், ஒரு தேத்தண்ணி குடிப்போமே," என்றார். தேத்தண்ணி வந்தது, கூடவே வடைத் தட்டும் வந்தது. வீரையா ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். மூக்காயியும் ஒன்று எடுத்தாள். அவளுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. விதி பெண் வீட்டுக்குத்தானே, கடைக்கு இல்லையே. முதல்நாள் காலையில் தோட்டத்தில் தின்ற ரொட்டிக்குப் பிறகு அதுதான் முதல் உப்பு. கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

கண்ணைத் திறந்தபோது அண்ணன் தன் வடையைத் தட்டில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தின்னலியா?"

"பசியில்ல," என்றார்.

அதற்குப் பிறகு மஹய்யாவ வரை அவர் ஒன்றும் பேசவில்லை. மூக்காயி இரண்டு மூன்று தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். விடியுமுன் எழுந்த மனுசன், களைப்பாக்கும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னையா நேரே அடுப்படிக்குப் போனார். பரிமளம் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இவங்களுக்கு ஆக்காத," என்றார் மெதுவாக.

"ஏன்?"

"கடையில தின்னுட்டு வந்துட்டாங்க. விரதக்காரி வடை தின்னுறா, வயித்துவலிக்காரன் ரெண்டு தின்னுறான். தெருவுல எவனோ சுட்டது எறங்குது. நம்ம வீட்டு உப்புதான் எறங்கல."

பரிமளம் களைந்த அரிசியைக் கையில் அள்ளி, மறுபடி தண்ணீரில் விட்டாள். "சத்தமாப் பேசாதீங்க," என்றாள். "பஸ் ஏத்திவிட்டுட்டு வாங்க. வந்தவங்களை நோகடிக்கக் கூடாது."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த ராஜகுமாரி தலை நிமிர்ந்தாள். "அப்பா, அத்தை நம்ம வீட்ல தேத்தண்ணி குடிச்சாங்களே. என் கையால சீனி வாங்கித் தின்னாங்க, பழம் தின்னாங்க. வடையையும் சோத்தையும்தான் தொடல. நம்மளப் பிடிக்காதவங்க அப்படிப் பொறுக்கிப் பொறுக்கியா தின்னுவாங்க?"

"நீ உன் வேலையைப் பாரு," என்றார் அப்பா.

அந்த நேரத்தில் பின்பக்கத்து வீட்டுச் சோமாவதி வந்தாள். போயாவன்று கிரிபத் என்கிற பால்சோறு ஆக்கினால் பொன்னையா வீட்டுக்கு ஒரு தட்டு கட்டாயம் வரும். வாழையிலை போட்டு மூடிய தட்டை நேரே முன்னறைக்குக் கொண்டுபோய் மூக்காயியின் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள், "பொன்னையா தங்கச்சி வந்தது நல்லது. இன்னிக்கு நல்ல நாள். சாப்பிட வேணும்."

தேங்காய்ப் பாலில் வெந்து, துண்டு போட்ட வெள்ளைச் சோறு. பக்கத்தில் கித்துள் கருப்பட்டி. பார்ப்பதற்குச் சர்க்கரைப் பொங்கலின் வெள்ளைக்காரத் தங்கை மாதிரி இருந்தது. ராஜகுமாரி ஒரு துண்டை எடுத்துக் கருப்பட்டியோடு அத்தையின் கையில் வைத்தாள். பொன்னையா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தார். இதையாவது தின்கிறாளா பார்ப்போம் என்று நின்றார் போல.

மூக்காயி அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் நிறுத்தினாள். மருமகள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏன் கண்ணு, இதுல உப்பு இருக்கா?" என்றாள்.

அவள் குரலுக்கு அந்த அறை சின்னது. பொன்னையாவுக்குக் கேட்டுவிட்டது. கதவு நிலையை விட்டு நிமிர்ந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அல்லவா. ஒரு வீட்டில் உட்கார்ந்து உப்பு இருக்கிறதா என்று கேட்டுச் சாப்பிடுகிறவர்கள் எதற்காக வந்தவர்கள் என்று அவருக்குத் தெரியாதா? நேற்றிலிருந்து பட்டதெல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பழம், சீனி, விரதம், வயிறு, கடை வடை.

"மூக்காயி," என்றார். "நீ என்ன காரியமா வந்தே?"

"சும்மா பார்க்கத்தான்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"இன்னிக்குச் சொல்ல முடியாதுண்ணே."

"ஏன்?"

மூக்காயி தலையைக் குனிந்துகொண்டாள். வீரையாதான் அலுமாரிக் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். பொன்னையா போய் நாட்காட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அலுமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"பரிமளம், இங்க வா. இவங்க பட்டினி கெடந்தது எதுக்குன்னு வந்து பாரு. கேக்குறதுக்கு வந்துட்டு, அஷ்டமியில மாட்டிக்கிட்டு முழிக்கிறாங்க."

ராஜகுமாரிக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கிரிபத் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

பரிமளம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தரையில் மூக்காயிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு அஷ்டமி தெரியாது மூக்காயி. அப்ப எங்களுக்குப் புதுசாக் கல்யாணம் ஆன நேரம். உங்கப்பா ஒரு தடவை இந்த வாசல்ல வந்து நின்னாரு. தூரம் நடந்து வந்திருக்காரேன்னு நான் செம்புல தண்ணி கொண்டுபோய் நீட்டினேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு. மகன்கிட்டப் பேச வேண்டியதப் பேசிட்டுப் போயிட்டாரு. அவருக்கும் ஏதாச்சும் காரணம் இருந்திருக்கும். எனக்கு அந்தச் செம்புதான் ஞாபகம். நேத்து ராத்திரி சட்டியை மூடி வச்சேன் பாரு, அப்ப அதே செம்பு மாதிரிதான் கனத்துச்சு."

மூக்காயி இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா கண்டிக்கு வந்தது அவளுக்குத் தெரியாது. அண்ணன் சாவு வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போனது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மூக்காயி பரிமளத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"மதினி, அந்தச் சேவல் கொழம்பு இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"கொஞ்சம் சோறும் போட்டுக் கொண்டாங்க."

வீரையா கதிரையிலிருந்து எழுந்தேவிட்டார். "ஏய், என்ன பண்ணுற? அஷ்டமி. கேக்கவே இல்ல, அதுக்குள்ள உப்பா? பயலுக்கு ஆகாதுன்னு நீதானே சொன்னே."

"சும்மா இருங்க. கேக்குறதுக்குத்தான் நாள் பாக்கணும். அண்ணன் வீட்டுல திங்கிறதுக்கு என்ன நாளு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "இந்தச் சம்பந்தம் ஆகாட்டி ஆகாமப் போகட்டும். எனக்கு மதினி கையால சோறு வேணும்."

வருஷக் கணக்காக ஒரு விதியைக் கைவிடாதவளுக்கு அது சின்னச் சொல் இல்லை, கண்ணுகளா. மகனுக்கு வேண்டும் என்று வந்ததை அங்கேயே கீழே வைத்துவிட்டாள். பரிமளம் எழுந்து போய்க் குழம்பைச் சூடு காட்டி, முதல்நாள் மிச்சச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். இலை போடக்கூடப் பொறுக்காமல் மூக்காயி தட்டிலேயே பிசைந்தாள். முதல் கவளம் உள்ளே போனதும் பரிமளம் அவள் தலையைத் தடவினாள். இரண்டாவது கவளத்துக்கு மூக்காயி, "மதினி, மொளகு கொஞ்சம் கூடிப்போச்சு," என்றாள்.

"நேத்தே தின்னிருந்தா சரியா இருந்திருக்கும்," என்றாள் பரிமளம். அப்போதுதான் அவள் முழுச் சிரிப்பும் வெளியே வந்தது.

வீரையா பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப எனக்கு?" என்றார்.

"வயிறு சரியில்லன்னீங்களே மாப்புள," என்றார் பொன்னையா.

"அது நேத்து."

தாயும் பிள்ளையும் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு கட்டத்தில் பொன்னையா குழம்பு ஒழுகுகிற கையைத் தூக்கிக்கொண்டு தங்கையைப் பார்த்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? எங்க வீட்டு உப்பைத் தின்னாச்சு. இனி நீ கேக்காமப் போனா எங்களுக்குத்தான் அவமானம்."

"நவமி கழியாம கேக்க மாட்டேன்," என்றாள் மூக்காயி.

"தின்னுறப்ப அஷ்டமி தெரியல."

"அது பசி."

சுவரோரத்திலிருந்து ராஜகுமாரி சொன்னாள், "நீங்க ரெண்டு பேரும் கேக்குறதும் குடுக்குறதும் பேசிக்கிறீங்க. என்னை யாரும் இன்னும் ஒண்ணும் கேக்கலியே."

மூக்காயி தட்டை வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். "கேக்கத்தான் கண்ணு வந்தேன். நாள்தான் குறுக்க நிக்குது. உனக்கு இஷ்டமில்லேன்னா இப்பவே சொல்லிடு, இந்தச் சோறு இந்தச் சோறாவே இருக்கும்."

ராஜகுமாரி யோசித்தாள். "வாற போயா பௌர்ணமி. அன்னிக்கு உங்க மகனைத் தனியா அனுப்புங்க அத்தை. யாரும் சொல்லிக்குடுக்கக் கூடாது. அம்மா வாசல்ல நிப்பாங்க, கையில செம்பு இருக்கும். அவரு என்ன செய்யுறாருன்னு பார்த்துட்டு நான் பதில் சொல்றேன்."

"ராஜகுமாரின்னு பேரு வச்சது தப்பாப் போச்சு," என்றார் பொன்னையா. ஆனால் மகளைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது.

மத்தியானப் பஸ்ஸுக்கு அண்ணன் வழியனுப்ப வந்தார். மிச்சக் குழம்பை ஒரு போத்தலில் ஊற்றி, வாய்க்கு வாழைச் சருகு கட்டி, பரிமளம் கொடுத்தனுப்பியிருந்தாள். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த மூக்காயி மகனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், பௌர்ணமிக்கு மாமா வீட்டுக்குப் போய்விட்டு வா என்று. போத்தலை மட்டும் அவனுக்கு முன்னால் வைத்தாள். சொல்லவில்லையே தவிர, அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கொழுந்து எடுக்கும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததாம்.

பௌர்ணமிப் போயாவன்று ராஜலிங்கம் வந்தான். தலையை அழுத்தி வாரியிருந்தான். வெயிலில் பஸ்நிலையத்திலிருந்து நடந்து வந்ததில் அந்த வாரலெல்லாம் கலைந்திருந்தது. வாசலில் பரிமளம் நின்றாள், கையில் செம்போடு. அந்த வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கண், அடுப்படிக் கதவிடுக்கில் இன்னொரு ஜோடி.

அவன் செருப்பைக் கழற்றினான். "மாமி," என்றான். இரண்டு கையாலும் செம்பை வாங்கினான். அண்ணாந்து, மூச்சு விடாமல், அடிவரை குடித்தான். கழுத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, செம்பைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்:

"இன்னும் கொஞ்சம் கெடைக்குமா மாமி?"

பரிமளம் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து ராஜகுமாரி குடத்தோடு வந்தாள். தெல்தெனியக் கல்யாணத்தில் அவன் ஊற்றினானே, அதற்குப் பதிலாக அன்றைக்கு அவள் ஊற்றினாள். செம்பு நிறைந்து வழிந்து அவன் காலெல்லாம் நனைந்தது. அவளும் நிறுத்தவில்லை, அவனும் போதும் என்று சொல்லவில்லை.

மூக்காயி முறைப்படி, திதி பார்த்து, தாம்பாளத்தோடு வந்து கேட்டது அதற்குப் பிறகுதான். கல்யாணச் சோறு தோட்டத்தில் ஆக்கினார்கள். பொன்னையாவும் பரிமளமும் தொழிலாளர் லயத்து வீடுகளின் முற்றத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள் மூக்காயி. பொன்னையா குடித்துவிட்டு, "நம்ம பீலித் தண்ணிதானே?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவுதான், என் தங்கங்களா. எழுந்து போங்கள், உலை கொதிக்கிற நேரம். உங்கள் வீட்டு உப்புச் சாடி வற்றாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் நீட்டுகிற செம்பு ஒருநாளும் நிறைந்தபடியே திரும்பி வராமல் இருக்கட்டும். வந்தவர் வயிறும் ஆக்கியவர் மனமும் ஒன்றாகக் குளிர, உங்கள் அடுப்பு என்றும் எரியட்டும்.